இனம் காணும் குழந்தை

நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீட்டில், அடுக்களைப் பாத்திரம் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. தாய் சோற்றை வடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கிண்ணங்களும் மூடிகளும் கரண்டிகளும் தரையெங்கும் பரந்து கிடக்கும். "எல்லாவற்றையும் கலைத்துவிட்டதே!" என்று அவள் அலுத்துக்கொள்வாள். நேயர்களே, அந்தக் குழந்தையைச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அது ஒரு மூடியை எடுத்துத் தன் பக்கத்தில் வைக்கிறது. இன்னொரு மூடியைத் தேடுகிறது. நடுவே கைக்கு எட்டிய கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பால் போடுகிறது. மறுபடியும் ஒரு மூடி. ஒன்றரை வயதுக் குழந்தை செய்யும் இந்த வேலைக்கு இனம் பிரித்தல் என்று பெயர்.

பெரியவர்களாகிய நாம் இதனை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. பெரிய மார்க்கெட்டில் நாம் இதுவரை கண்டிராத ஒரு கத்தரிக்காயைக் கண்டாலும் அது கத்தரிக்காய் என்பதை அறிந்துகொள்கிறோம்; அதை எப்படி அரிவது, எப்படிச் சமைப்பது என்று யாரிடமும் கேட்பதில்லை. இனம் காணும் ஆற்றல் இல்லாத மனிதனுக்கு ஒவ்வொரு கத்தரிக்காயும் புதுப்பொருள்; தெருவில் வரும் ஒவ்வொரு மாடும் முன்பின் அறியாத பிராணி. நேற்று கற்றது இன்று அவனுக்குப் பயன்படாது. ஆகவே, குழந்தை கற்கும் பாடங்களுள் மற்றப் பாடங்களுக்கெல்லாம் இடமளிக்கும் பாடம் இது. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே இது தொடங்கிவிடுகிறது என்பதே வியப்பு.

எப்போது தொடங்குகிறது? பேச்சு வருவதற்கு வெகு முன்னரே என்பது உளநூலார் கண்ட உண்மை. பேசாத குழந்தையின் உள்ளத்தில் இருப்பதை எவ்வாறு அறிவது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு அவர்கள் கையாண்ட வழி எளியது. குழந்தை, கண்டதையே மீண்டும் மீண்டும் கண்டால் சலிப்புற்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புதியதைக் கண்டால் உற்றுப் பார்க்கும். 1994இல் ஐமஸ், குவின் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் மூன்று நான்கு மாதக் குழந்தைகளுக்கு வெவ்வேறு பூனைகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினர். பிறகு முன்பு காணாத ஒரு பூனையையும் ஒரு குதிரையையும் அருகருகே காட்டினர். குழந்தைகளின் பார்வை குதிரையின்மேல் அதிக நேரம் தங்கியது. பூனையும் புதியதுதான், ஆயினும் அது பழகிய இனத்தைச் சேர்ந்ததாகிவிட்டது. புலியைக்கூட அக்குழந்தைகள் வேறாகக் கண்டன. பெண் சிங்கத்தைப் பூனைக் கூட்டத்திலிருந்து பிரிக்க மட்டும் ஆறேழு மாத வயது ஆக வேண்டியிருந்தது. பிடரி மயிர் இல்லாத சிங்கத்தைப் பூனை என்று கொண்ட கைக்குழந்தையை நாம் குறை கூற முடியுமா? விலங்குநூலார் அதைப் பூனைக் குடும்பத்தில்தானே வைத்திருக்கின்றனர்!

கண்ணால் பிரித்தலைக் கை பின்தொடர்கிறது. 1965இல் ரிச்சியூட்டி என்பவர் 12, 18, 24 மாதக் குழந்தைகளின் முன்னே இரண்டு வகைப் பொருள்களைக் கலந்து வைத்து, எந்த வரிசையில் தொடுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டார். "பிரித்து வை" என்று அவர் சொல்லவில்லை. ஓராண்டுக் குழந்தையே ஒரு வகைப் பொருளைத் தொடர்ந்து தொடுவதுண்டு. வயது ஏற ஏறத் தொடுதல் சேர்த்தலாக மாறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் குழந்தை ஒரு வகையை இந்தப் பக்கமும் மற்ற வகையை அந்தப் பக்கமும் வைக்கக் கற்கிறது. காப்னிக், மெல்ட்ஸாஃப் என்னும் இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு இருபுறமும் முழுமையாகப் பிரித்து வைக்கும் திறனும், பொருள்களின் பெயர்கள் நாள்தோறும் மளமளவெனப் பெருகும் காலமும் பெரும்பாலும் ஒட்டியே வருகின்றன. மூடிகளை ஒருபுறம் சேர்க்கும் கையும் "இது என்ன, இது என்ன" என்று கேட்கும் வாயும் ஒரே பருவத்தில் விழித்துக்கொள்கின்றன.

பெயருக்கும் இனத்துக்கும் உள்ள தொடர்பு சற்று நின்று காணத் தக்கது. "கரண்டி" என்று தாய் ஒன்றைக் காட்டிச் சொல்கிறாள். அது பித்தளை, பளபளப்பது, நீண்ட காம்புடையது, சாம்பார் வாசனை வீசுவது. இவற்றுள் எது கரண்டி என்னும் பெயருக்கு உரியது? குழந்தைக்கு யாரும் விளக்குவதில்லை. எனினும், மறுநாள் மரக்கரண்டியைக் கண்டால் கரண்டி என்கிறது. பித்தளைச் செம்பைக் கண்டால் அவ்வாறு சொல்வதில்லை. நிறத்தையும் உலோகத்தையும் தள்ளிவிட்டு வடிவத்தைப் பற்றிக்கொள்கிறது. லாண்டௌ, ஸ்மித், ஜோன்ஸ் என்னும் மூன்று அம்மையார்கள் 1988இல் இதனைச் சோதித்தனர். உலகில் இல்லாத ஒரு வடிவத்தை மரத்தால் செய்து, பொருளற்ற ஒரு பெயரை அதற்கு இட்டு, இன்னொன்றைக் காட்டச் சொன்னபோது, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் வடிவம் ஒத்ததையே பெரும்பாலும் காட்டினர். ஸ்மித் அம்மையாரும் உடனாய்வாளரும் 2002இல் வெளியிட்ட முடிவு இதைவிடச் சுவையானது. பதினேழு மாதக் குழந்தைகள் சிலருக்கு, வடிவத்தால் ஒத்த பொருள்களுக்கு ஒரே பெயர் என்பது விளங்குமாறு சில வாரங்கள் விளையாட்டாகப் பழக்கினர். அக்குழந்தைகள் வீட்டில் கற்ற மற்றப் பெயர்ச்சொற்களும், அவ்விளையாட்டுப் பயிற்சி பெறாத குழந்தைகள் கற்றவற்றைவிட விரைவாகப் பெருகின. சொல்லைக் கற்பது மட்டும் நிகழவில்லை. சொற்களை எவ்வாறு கற்பது என்பதையும் அவை கற்றுக்கொண்டன.

இனி, பெற்றோர் வீணே கவலையுறும் இடத்துக்கு வருவோம். புறா, மைனா, கோழி எல்லாவற்றையும் "காக்கா" என்கிறது குழந்தை. நாயைத் "தோ தோ" என்று கற்றது, ஆட்டையும் கன்றையும் கழுதையையும் அப்படியே அழைக்கிறது. "எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை" என்கிறார் தந்தை. ஈவ் கிளார்க் என்னும் மொழிநூல் அம்மையார் பல மொழிக் குழந்தைகளின் நாட்குறிப்புகளைத் தொகுத்து 1973இல் எழுதிய கட்டுரை, இப்பழக்கம் எந்நாட்டுக் குழந்தைக்கும் பொது என்பதைக் காட்டுகிறது. இப்பிழையில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காண்க. காக்கா என்ற சொல்லைக் குழந்தை நாற்காலிக்கு இடுவதில்லை. சிறகும் அலகும் உடையவற்றுக்கே இடுகிறது. நான்கு கால் பிராணியையே தோ தோ என்கிறது. பிரித்தல் சரியாகவே நடந்திருக்கிறது, பெயர்தான் பற்றாக்குறை. இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் நாய் என்று அழைக்கும் குழந்தையின்முன் நாயையும் ஆட்டையும் வைத்து "நாய் எங்கே?" என்று கேட்டால், பல வேளைகளில் அது நாயையே சரியாகக் காட்டும். தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைக் கொண்டு ஆட்டைப் பற்றியும் நம்மிடம் பேச விரும்புகிறது, அவ்வளவே. அப்போது "தவறு" என்று அதட்டுவதால் பயனில்லை. "ஆமாம், ஆடு. பார், கொம்பு இருக்கிறது" என்றால் குழந்தைக்கு வேண்டிய சொல்லும், வேறுபாட்டைக் காணும் இடமும் ஒருங்கே கிடைத்துவிடும்.

தமிழ்க் குழந்தைக்கு இவ்விஷயத்தில் நம் மொழியே ஒரு பாடம் வைத்திருக்கிறது. மாமா வந்தார், அத்தை வந்தாள், காக்கை வந்தது. வினைமுற்றைச் சொல்லும்போதெல்லாம் உயர்திணையா அஃறிணையா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசும் குழந்தைகள் வினைச்சொல்லில் இத்தகைய முடிவைச் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் திணை என்னும் பாடத்தை நாம் நடத்துவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிள்ளைகள் அதைப் பேச்சில் ஆண்டு கொண்டிருக்கின்றனர். "பொம்மை தூங்குறா" என்று ஒரு சிறுமி சொல்வாளாயின், இலக்கணம் தெரியாமையால் சொன்னாள் என்று கருத வேண்டா. பொம்மையை எந்தத் தொகுதியில் வைத்திருக்கிறாள் என்பதையே அவள் தெரிவிக்கிறாள். வேடிக்கை என்னவென்றால், உலகத்தை இவ்வாறு திணை பிரிக்கும் அக்குழந்தையையே நாம் "குழந்தை அழுகிறது" என்று அஃறிணையில் வைக்கிறோம். இது இன்று நேற்று வந்த வழக்கும் அன்று. மகவு, குழவி முதலான சொற்கள் உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கமே கூறிவிட்டது.

எந்தப் பெயரை முதலில் கற்பிப்பது என்பதும் ஒரு கேள்வி. "விலங்கு" என்பதா, "நாய்" என்பதா, "ராஜபாளையம் நாய்" என்பதா? எலினார் ராஷ் என்னும் அம்மையார் 1976இல் உடனாய்வாளருடன் வெளியிட்ட ஆராய்ச்சி, நடுப்படியில் நிற்கும் "நாய்" போன்ற பெயர்களே குழந்தைக்கு முதலில் எளிதில் படிகின்றன என்று கண்டது. அப்படியில் உள்ள பொருள்கள் தம்முள் வடிவம் ஒத்திருக்கும்; பிற இனத்திலிருந்து தெளிவாக வேறுபட்டும் இருக்கும். ஆனால் நடுப்படி எது என்பது ஊருக்கு ஊர் சற்றே மாறும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. என் பணிக்காலத்தில் முதல் வகுப்புப் படப் புத்தகத்தில் "மீன்" என்று அச்சிட்டிருந்த படத்தைக் காட்டினால், நகரத்துப் பிள்ளைகள் மீன் என்பார்கள். வீராம்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளோ, "இது சங்கராவா, பாறையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். படம் வரைந்தவருக்கு அது தெரிந்திருக்குமா என்பது ஐயமே. கூறு கட்டி விற்கும் தாயின் கூடையருகே வளர்ந்த பிள்ளைக்கு மீன் என்பது மிகவும் அகன்ற சொல்.

புதுச்சேரிக்கே உரிய மற்றொரு நிலையும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுவோரை இங்கே "சொல்தா" என்பார்கள். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் பாட்டி "பூனை" என்பாள். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா அதையே "ஷா" என்பார். ஒரு பொருளுக்கு ஒரு பெயரே உண்டு என்று கொள்ளும் மனப்போக்கு ஒரு மொழி மட்டும் கேட்கும் குழந்தைகளிடம் ஒன்றரை வயதளவில் வலுவாகக் காணப்படுகிறது. கனடாவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இரு மொழி கேட்டு வளரும் குழந்தைகளிடம் அது குறைந்தும், மும்மொழிக் குழந்தைகளிடம் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கக் கண்டது. ஒரே பூனைக்கு இரு பெயர் இருப்பதை அக்குழந்தைகள் இயல்பாக ஏற்றுக்கொள்கின்றன. "இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும்" என்று பாட்டியின் வாயை அடைப்பவர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் 1959இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ஒரு பெருநூல் முழுதும் குழந்தைகள் பொருள்களை வகைப்படுத்துவதையும் வரிசைப்படுத்துவதையும் பற்றியது. ஒத்தவற்றைச் சேர்த்து வை என்றால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை முதலில் சதுரங்களைச் சேர்க்கும். பிறகு அதன்மேல் முக்கோணத்தை வைத்து, "வீடு" என்று சொல்லி மகிழும். தொடங்கிய முறையை நடுவில் விட்டு, எவை ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றனவோ அவற்றைச் சேர்த்துவிடும். பசுவோடு பசுவை வைப்பதற்குப் பதில் பசுவோடு புல்லை வைக்கும். இதனைப் பியாஜே வளர்ச்சியின் முதற்படி என்று கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள், சிறு பிள்ளைகளின் ஆற்றலை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று காட்டியிருக்கின்றனர். 1984இல் மார்க்மன், ஹட்சின்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் செய்த சோதனை அவற்றுள் ஒன்று. காவல்துறை வண்டி ஒன்றைக் காட்டி, "இதைப் போன்ற இன்னொன்றைக் காட்டு" என்றால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் காவலரையும் காட்டுவார்கள், வேறு வண்டியையும் காட்டுவார்கள். அதே வண்டிக்குப் புதுப்பெயர் ஒன்றைச் சொல்லி, அப்பெயருடைய இன்னொன்றைக் கேட்டால் வேறு வண்டியையே பெரும்பாலும் காட்டினர். ஆகவே, இருவகைச் சேர்க்கையும் பிள்ளையின் உள்ளத்தில் உண்டு. எது வெளிப்படுவது என்பது நாம் கேட்கும் முறையைப் பொறுத்தது.

இதனை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மூன்றரை வயது மகளை அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். ஒரு மழலையர் பள்ளியில் அச்சிறுமிக்குப் பசு, ஆடு, நாய், புல் என்னும் நான்கு படங்களைக் காட்டி, "சேராதது எது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நாயைக் காட்டினாள். "அது புல் தின்னாது" என்று காரணமும் கூறினாள். "கவனம் போதாது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டனர். பிள்ளைக்கு அறிவு மந்தமோ என்று தாய் கண்கலங்கினார். நான் அதே நான்கையும் ஒரு தாளில் கோணல்மாணலாக வரைந்து, "இவற்றில் எவற்றுக்குக் கால் இருக்கிறது?" என்று அச்சிறுமியைக் கேட்டேன். மூன்றையும் உடனே தொட்டாள். "எதற்கு இல்லை?" என்பதற்குப் புல்லைத் தொட்டுவிட்டு, என் நாய்ப் படத்துக்கு வால் இல்லை என்பதையும் எடுத்துக் காட்டினாள். இத்தகைய பிள்ளையைக் கவனம் இல்லாதவள் என்று எழுதிய கைக்கு என்ன சொல்வது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளிச் சேர்க்கையின்போது குழந்தைகளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தலைத் தடை செய்துவிட்டது. எனினும், "சும்மா பேசிப் பார்ப்போம்" என்னும் பெயரில் அது எங்கெங்கோ நடைபெறுகிறது; அதற்கு அஞ்சி இரண்டு வயதுக் குழந்தைக்குப் பழ அட்டையும் நிற அட்டையும் காட்டி உருப்போட வைக்கும் வீடுகளும் பெருகுகின்றன. நிறங்களின் பெயரைப் பிழையின்றிச் சொல்லுதல் இரண்டு வயதுக்குரிய வேலையே அன்று. சிவப்புக் கிண்ணத்தோடு சிவப்புக் கிண்ணத்தைச் சேர்க்கத் தெரிந்த குழந்தை, "சிவப்பு" என்று சொல்லப் பல மாதம் பிந்துவது இயல்பு.

அட்டையைவிடப் பொருள் சிறந்தது என்று நம் நாட்டிலேயே இருந்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939 நவம்பரில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தனர். சில மாதம் தங்க வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. இத்தாலி போரில் இறங்கவே, அவர் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். 1946 வரை இந்தியாவிலிருந்து புறப்பட இயலவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். மூன்று வயதுக்கு முற்பட்ட குழந்தைகளைப் பற்றிய அவரது சிந்தனை விரிந்தது இந்நாட்டில்தான். அதன் பயனாகிய நூலும் 1949இல் அடையாற்றிலிருந்தே முதலில் வெளிவந்தது. அவர் அமைத்த கருவிகளின் நுட்பம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அளவைக் கற்பிக்கும் கட்டைகள் அனைத்தும் ஒரே நிறமாக இருக்கும். நிறத்தைக் கற்பிக்கும் பலகைகள் அனைத்தும் ஒரே அளவாக இருக்கும். கற்க வேண்டிய ஒரு வேறுபாடு தவிர மற்றவற்றை ஒன்றாக்கிவிட்டால், சொல்லாமலேயே குழந்தையின் கண் அவ்வேறுபாட்டில் போய் நிற்கும்.

அக்கருவிகளை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதில்லை. அவற்றின் முறையை அறிந்தால் போதும். ஒரே அளவான நான்கு கரண்டிகளும் நான்கு கிண்ணங்களும் ஒரு தட்டில் கலந்திருக்கட்டும். பக்கத்தில் இரண்டு காலிக் கூடைகள் இருக்கட்டும். பிரித்து வை என்று கட்டளையிட வேண்டா. ஒரு கரண்டியை ஒரு கூடையிலும் ஒரு கிண்ணத்தை மற்றதிலும் நீங்களே போட்டுவிட்டு, பேசாமல் இருங்கள். வில்லியனூர்ப் பக்கத்துச் சுடுமண் பொம்மைகள், மரச் சொப்புச் சாமான்கள், மடித்து வைக்க வேண்டிய துணிகள் ஆகியவையும் பயன்படும். அப்பாவின் சட்டை, பாப்பாவின் சட்டை என்று துணி பிரிக்கும் வேலையை இரண்டு வயதுக் குழந்தை மிக்க பெருமையோடு செய்யும். பெயர் சொல்லும்போது ஒன்றை மட்டும் காட்டாமல் இரண்டைச் சேர்த்துக் காட்டி, "இதுவும் கிண்ணம், இதுவும் கிண்ணம்" என்பது நல்லது. இரண்டை ஒப்பிடும்போது எது பொது என்பது தெரியவரும். முறத்தில் கொட்டிய புளியங்கொட்டையும் சோழியும் அஞ்சறைப்பெட்டியின் மிளகும் பிள்ளைகளை வெகுவாகக் கவரும். ஆனால் மூன்று வயது நிரம்பாத குழந்தை எதையும் வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அவற்றை மூன்றாம் வயதுக்குப் பின், பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே கொடுக்க வேண்டும். அதுவரை, குழந்தையின் வாய்க்குள் அடங்காத மூடிகளும் கரண்டிகளும் போதும்.